மேடு பள்ளத்தில் மட்டும் ஸ்டீயரிங் இழுக்குதா? பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வழவழப்பான சாலையில் கார் நேராகப் போகிறது. கையை லேசாக வைத்திருந்தாலே போதும். ஆனால் தார் ஒட்டுப் போட்ட இடமோ, சின்ன மேடோ வந்தால் மட்டும் காரின் மூக்கு சட்டென்று ஒரு பக்கம் திரும்புகிறது. மேடு தாண்டியதும் மறுபடி நேராகிவிடுகிறது.

வீல் அலைன்மென்ட் செய்தாச்சு. மெஷின் திரையில் எல்லாமே பச்சை. கடையை விட்டு வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கினால், திரும்பவும் அதே இழுப்பு!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பலர் சொல்லும் புகார் இது. இதற்குக் காரணம் என்ன? எதை முதலில் பார்க்க வேண்டும்? எந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

- எப்போதும் இழுப்பது வேறு, மேட்டில் மட்டும் இழுப்பது வேறு. இரண்டுக்கும் காரணம் வேறு.
- அலைன்மென்ட் மெஷின் நிற்கும் காரைத்தான் அளக்கும். மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது நடப்பது அதற்குத் தெரியாது.
- டயர், ஆட்டம், புஷ், ஷாக், கடைசியாக ஜியோமெட்ரி. இந்த வரிசையில் பார்த்தால் வீண் செலவு மிச்சம்.
- டை ராட் எண்ட் அல்லது பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால், மாற்றும்வரை காரை எடுக்கக் கூடாது.

மெஷினில் ஏன் சிக்கவில்லை?

அலைன்மென்ட் மேடையில் கார் அசையாமல் நிற்கிறது. நான்கு சக்கரமும் அதனதன் இயல்பான உயரத்தில் இருக்கும். அந்த ஒரே ஒரு நிலையில் சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைத்தான் மெஷின் சொல்கிறது.

சாலையில் அப்படி இல்லை. ஒரு சக்கரம் மேட்டில் 3 செ.மீ. ஏறும், அடுத்த நொடி பள்ளத்தில் 4 செ.மீ. இறங்கும். அந்த நேரத்தில் சக்கரம் தன் திசையை மாற்றிக்கொண்டால், டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே கார் திரும்பும்.

அதனால் மேட்டில் மட்டும் வரும் இழுப்புக்கு, சஸ்பென்ஷன் அசையும்போது எது கூடவே அசைகிறது என்று தேட வேண்டும். அடிப்படை இவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஒரு கார்

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இதன் பெயர் மியாட்டா. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இரண்டே சீட், பின்சக்கர இயக்கம், மேலெழும் ஹெட்லைட். 1997 வரை தயாரான முதல் தலைமுறை கார்கள் இன்றும் உலகம் முழுக்க ஓடுகின்றன. 2016-ல் இந்த மாடலின் மொத்தத் தயாரிப்பு 10 லட்சத்தைத் தாண்டியது.

ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 2,265 மி.மீ. மட்டுமே வீல்பேஸ். லேசான, குட்டையான கார் என்பதால் சக்கரத்தில் நடக்கும் சின்ன மாற்றமும் டிரைவர் கைக்கு உடனே தெரிந்துவிடும். இதை ஓட்டுவதில் உள்ள சுகமும் அதுதான், கோளாறு வந்தால் தொல்லையும் அதுதான்.

நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் பிடித்திருக்கும். முன்சக்கரத்தைத் திருப்புவது டை ராட்.

பம்ப் ஸ்டியர் என்றால் என்ன?

ஒரு பலகையின் இரு முனைகளையும் இரண்டு ஊஞ்சல்களில் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கயிறும் ஒரே நீளம் என்றால், ஆடும்போது பலகை நேராகவே இருக்கும். ஒரு கயிறு குட்டை, ஒரு கயிறு நெட்டை என்றால்? ஆடும்போது பலகை கோணிக்கொள்ளும்.

சக்கரத்திலும் இதுதான் நடக்கிறது. மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், டை ராட் மூன்றும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் வளைகோட்டில் ஆடுகின்றன. மூன்றின் நீளமும் சாய்வும் ஒன்றோடொன்று பொருந்தினால் சக்கரம் நேராகவே ஏறி இறங்கும். பொருந்தாவிட்டால் டை ராட் சக்கரத்தின் ஒரு ஓரத்தை இழுக்கும் அல்லது தள்ளும். இதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறார்கள்.

இங்கே மாறுவது 'டோ' எனும் கோணம். நடக்கும்போது சிலருக்குப் பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும், சிலருக்கு வெளிப்பக்கம். சக்கரத்துக்கும் அப்படித்தான்.

எம்எக்ஸ்-5ல் வந்த 185/60 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ. அதன் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் இடையே 3 மி.மீ. வித்தியாசம் வந்தால், கோணம் சுமார் 0.3 டிகிரி. கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டீயரிங் விகிதம் 15-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், அந்தச் சக்கரத்தைப் பொறுத்தவரை யாரோ ஸ்டீயரிங்கை நாலரை டிகிரி திருப்பியதற்குச் சமம். 80 கி.மீ. வேகத்தில் இதை உணராமல் இருக்க முடியாது.

முதலில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் டிரைவ் தேவை. ஆள் நடமாட்டம் இல்லாத, சமதளமான சாலையாக இருக்க வேண்டும். ஓரம் நோக்கிச் சரிந்த சாலையில் எந்தக் காரும் ஓரத்துக்கு நகரும். அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

1. திரும்புவது ஸ்டீயரிங்கா, காரா? மேட்டில் ஸ்டீயரிங் வீல் கையை உதறுகிறது என்றால் அது 'கிக்பேக்'. அகலமான டயர், வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீல் போட்ட கார்களில் இது அதிகம். ஸ்டீயரிங் அசையாமல் கார் மட்டும் திரும்பினால் பம்ப் ஸ்டியர், தேய்ந்த புஷ், லூசான ஸ்டீயரிங் ரேக் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

2. ஒரு சக்கரம் ஏறினாலா, இரண்டும் சேர்ந்து ஏறினாலா? மிக முக்கியமான கேள்வி இது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், இடது சக்கரத்தின் திருப்பத்தை வலது சக்கரம் ஈடுகட்டிவிடும், கார் நேராகவே போகும். அப்போதும் ஒரு பக்கம் இழுத்தால், இடதும் வலதும் ஒன்றுபோல இல்லை என்று அர்த்தம். ஒரு பக்க புஷ் போயிருக்கலாம், ஆர்ம் வளைந்திருக்கலாம், ஷாக் செத்திருக்கலாம்.

3. எப்போதும் ஒரே பக்கமா? எந்தச் சக்கரம் மேட்டில் ஏறினாலும் இடது பக்கமே இழுத்தால், ஒரு பக்கத்து பாகத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இடது சக்கரம் ஏறினால் ஒரு பக்கம், வலது சக்கரம் ஏறினால் மறுபக்கம் என்றால் ஜியோமெட்ரியைச் சந்தேகிக்கலாம்.

4. பிரேக் பிடித்தபடி மேடு ஏறும்போது மட்டுமா? அப்படியானால் பிரேக் காலிப்பரையும் கீழ் ஆர்ம் புஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

இந்த நான்குக்கும் பதிலை எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காசு செலவில்லாத சோதனை: டயர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடும் தூரம் குறைவு. அதனால் டயரில் பூ நிறைய இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2314 என்றிருந்தால், 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

அடுத்து காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது இரு முன்சக்கரத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு நிறுவனம் சொன்னது 26 பிஎஸ்ஐ மட்டுமே. கார் லேசானது என்பதால் இந்தக் குறைந்த அளவு. மற்ற கார்களுக்குப் போலவே 33, 35 என்று அடித்துவிட்டால், சின்ன மேட்டிலும் சக்கரம் துள்ளும்.

இதன் பிறகும் இழுத்தால், முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். ஒரே திசையில் சுழல வேண்டிய அம்புக்குறி போட்ட டயர் என்றால், மெதுவாகக் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே பழையபடி மாட்டிவிட வேண்டும்.

ஆட்டம் எங்கே? இரண்டு பேர் சோதனை

கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் டை ராட் எண்ட் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். டை ராட் அசைந்து, சக்கரம் அசைவதற்குள் ஒரு 'டக்' கையில் தட்டினால், அங்கே ஆட்டம் இருக்கிறது.

இதே சோதனையில் ஸ்டீயரிங் ரேக்கின் உடலையும் கவனிக்க வேண்டும். பல பழைய கார்களில் ரேக், ரப்பர் வைத்த கிளாம்ப்களால் பிடிக்கப்பட்டிருக்கும். ரப்பர் நைந்துபோனால் ரேக் முழுதாகவே பக்கவாட்டில் நகரும். ஸ்டீயரிங் அசையாமல் கார் திரும்ப இது ஒன்றே போதும்.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. சக்கரத்தைக் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும். 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆட்டம் தெரியும்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. எம்எக்ஸ்-5 போல ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருக்கும் கார்களில், கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து லேசாகத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பால் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், தேய்ந்துபோன ஜாயின்ட்டும் நல்லது போலத் தெரியும்.

ரப்பர் புஷ்: சத்தமில்லாத காரணம்

ஆர்ம்கள் காரோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். 30 வருடத்தில் அது வெடிக்கும், கிழியும். கார் நிற்கும்போது ஆர்ம் சரியான இடத்தில்தான் இருக்கும். அதனால் அலைன்மென்ட் மெஷின் பச்சை காட்டும். சக்கரம் மேட்டில் மோதும்போது ஆர்ம் சில மி.மீ. பின்னால் தள்ளப்படும், டோ மாறும், கார் இழுக்கும். மேடு தாண்டியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கண்டுபிடிக்க, ஒரு கடப்பாரை போன்ற பிரை பாரை ஆர்முக்கும் பிரேமுக்கும் நடுவே வைத்து மெதுவாக நெம்ப வேண்டும். இடதையும் வலதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

புஷ் மாற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. இந்த ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். காரின் உயரமும் மாறும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கார் ஓடும் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும்.

நழுவும் கேம் போல்ட்

எம்எக்ஸ்-5ன் கீழ் ஆர்ம்கள், நடுமையம் இல்லாத கேம் போல்ட்களால் மாட்டப்பட்டிருக்கின்றன. இவற்றைத் திருப்பித்தான் அலைன்மென்ட் செய்கிறார்கள். இதில் இரண்டு பிரச்னை வரும்.

ஒன்று, துருப்பிடித்து புஷ் குழாயோடு ஒட்டிக்கொள்வது. அப்படியானால் அலைன்மென்ட் கடைக்காரர் 'இது திரும்பல சார், டோ மட்டும் செட் பண்ணிட்டேன்' என்பார். கேம்பரும் கேஸ்டரும் இரண்டு பக்கமும் வேறு வேறாகவே இருந்துவிடும்.

இரண்டு, சரியாக இறுக்காத கேம் போல்ட் பெரிய பள்ளத்தில் மோதும்போது நழுவுவது. இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அலைன்மென்ட் முடிந்ததும் கேம் தட்டுக்கும் பிரேமுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு பிரிந்திருக்கும் இடம்தான் நழுவிய இடம்.

இரண்டே சீட் உள்ள லேசான காரில் டிரைவரின் 70, 80 கிலோ எடையே உயரத்தை மாற்றும். அதனால் அலைன்மென்ட் செய்யும்போது டிரைவர் சீட்டில் அந்த எடை இருப்பது நல்லது.

ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும்

ஒரு பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்து அது செயலிழந்தால், மேட்டுக்குப் பிறகு அந்தச் சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும். தரையைப் பிடித்திருக்கும் மறுபக்கச் சக்கரம் காரைத் தன் பக்கம் திருப்பும்.

காரின் முன்பக்கத்தை ஒவ்வொரு ஓரமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரே அசைவில் நின்றால் சரி. ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. ஷாக்கின் மேல் ஈரப் படலம், தூசி ஒட்டிய எண்ணெய் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காரைக் குட்டையாக்கியிருந்தால் இன்னொரு சிக்கல். சஸ்பென்ஷன் மேலே ஏற இடம் குறைவு. சின்ன மேட்டிலேயே ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் இடிக்காவிட்டால் கார் வெட்டித் திரும்பும்.

உயரத்தைக் குறைத்த காரா?

பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தும் இழுத்தால், முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களைப் பார்க்க வேண்டும்.

காரை இறக்கும்போது டை ராட்டும் ஆர்ம்களும் வேறு சாய்வுக்கு வந்துவிடும். நிறுவனம் திட்டமிட்ட நிலையில் சக்கரம் நேராக ஏறி இறங்கியிருக்கும். புதிய நிலையில் அந்தப் பொருத்தம் குலைந்திருக்கும்.

எம்எக்ஸ்-5க்கு மட்டும் இது நடப்பதில்லை. உயரம் குறைத்த பழைய போர்ஷே 911 கார்களில் ஸ்டீயரிங் ரேக்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்து இதைச் சரிசெய்கிறார்கள். டாட்சன் 240இசட் காரில் முன் ஸ்ட்ரட்டின் அடியில் ஸ்பேசர் வைக்கிறார்கள்.

எம்எக்ஸ்-5ல் சிலர் நீளமான கீழ் பால் ஜாயின்ட் போடுவார்கள். ஆர்மின் சாய்வு சரியாகிவிடும், ஆனால் டை ராட்டின் சாய்வு அப்படியே இருக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதை இது. ஆர்மை மாற்றினால் டை ராட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

எளிய சோதனை ஒன்று: ஒருவர் முன் பம்பருக்கு மேலே இரு கையையும் வைத்து காரை மேலும் கீழும் அழுத்தட்டும். இன்னொருவர் வெளியே நின்று, கை படாமல் ஸ்டீயரிங் வீலைப் பார்க்கட்டும். ஸ்டீயரிங் தானாக இடம் வலம் ஆடினால், இரு பக்க டை ராட்டும் ஒன்றுபோல வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்டீயரிங் லாக் விழாத நிலையில் சாவி இருக்க வேண்டும்.

பின் சக்கரத்தை மறக்காதீங்க

முன்பக்கம் முழுவதும் மாற்றியும் இழுப்பு போகவில்லையா? கோளாறு பின்னால் இருக்கலாம். பின்சக்கரத்தின் டோ மாறினால், காரின் பின்பாகம் ஒரு பக்கம் தள்ளும். டிரைவருக்கு மூக்கு மறுபக்கம் திரும்பியது போலத் தோன்றும். மேடு தாண்டி ஒரு கணம் கழித்து, சீட்டுக்கு அடியில் நகர்வது போல உணர்ந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்.

எம்எக்ஸ்-5ன் பின் ஆர்ம்களிலும் அதே புஷ், அதே கேம் போல்ட்தான். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி போன்ற கார்களில் பின்னால் ஒரே அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங் புஷ் தேய்ந்தால் முழு அச்சும் கோணிக்கொண்டு காரைத் திருப்பும்.

கடைசிப் படி: அளந்து பார்ப்பது

இத்தனைக்கும் பிறகுதான் பம்ப் ஸ்டியரை அளக்க வேண்டும். இது ஒர்க்‌ஷாப் வேலை. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றுவது பழக்கமில்லாதவர்களுக்கு உயிராபத்து.

காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டுவார்கள். ஹப்பில் ஒரு தட்டையான பலகையைப் பொருத்தி, அதன் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் டயல் கேஜ் வைப்பார்கள். சக்கரத்தை ஓடும் உயரத்திலிருந்து சிறிது சிறிதாக ஏற்றியும் இறக்கியும் இரண்டு கேஜின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வார்கள். வித்தியாசம் மாறாவிட்டால் ஜியோமெட்ரி சரி. மாறினால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது எண்ணாகவே கிடைக்கும். அதை வைத்து டை ராட் எண்டிலோ ரேக்கிலோ ஸ்பேசர் வைக்கலாம். தேய்ந்த புஷ்ஷோடு அளந்தால் இந்த எண்களை நம்பவே முடியாது. அதனால்தான் இது கடைசிப் படி.

எப்போது ஓட்டவே கூடாது?

- டை ராட் எண்ட், பால் ஜாயின்ட்டில் கையில் தெரியும் ஆட்டம் இருந்தால்
- மேட்டில் 'டக் டக்' சத்தத்தோடு இழுப்பு வந்தால்
- ஸ்டீயரிங் நடு இடம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாறிக்கொண்டே போனால்
- ஆர்ம் பொருத்தும் இடத்தில் துரு, விரிசல் தெரிந்தால்

பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் தொடர்பே இருக்காது. இரண்டுமே முன்கூட்டி ஆட்டம் காட்டும் பாகங்கள். மேட்டில் வரும் சின்ன இழுப்பு அந்த முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

'ஸ்டீயரிங் இழுக்குதுண்ணே' என்று மட்டும் சொன்னால், அவர் முதலில் அலைன்மென்ட் மெஷினுக்குத்தான் அனுப்புவார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: 'சமதளத்துல நேரா போகுதுண்ணே. இடது சக்கரம் மேட்டுல ஏறினா மட்டும் இடது பக்கம் போகுது. ஸ்டீயரிங் அசையல. ஸ்பீடு பிரேக்கர்லயும் அப்படித்தான். டயர் மாத்திப் போட்டும் பார்த்தாச்சு.'

இந்த அஞ்சு வரியைக் கேட்டதும், நல்ல மெக்கானிக் நேராக இடது பக்க புஷ்ஷையும் டை ராட்டையும் பார்ப்பார். அலைன்மென்ட்டைக் கடைசியில், பாகங்கள் மாற்றிய பிறகு ஒரு தடவை செய்தால் போதும்.